நானூற்றுப் பன்னிரண்டு வரிகள்

நாத்தனாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதப்போகிறேன் என்றதும் என் கணவர் சிரித்துவிட்டார். சிரிக்கட்டும். கல்யாணமான முதல் இரண்டு வருடம் நானும் அவருடைய அக்காவும் முகம் கொடுத்துப் பேசியதில்லை என்பது அவருக்குத் தெரியும். நானும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இரண்டாவது மாடியில் அவள் வீடு, முதல் மாடியில் எங்கள் வீடு. வேலை பார்த்ததும் ஒரே ஆஸ்பத்திரியில்தான். நான் மருந்து கொடுக்கும் கவுண்ட்டரில் இருந்தேன். அவள் கட்டடத்தின் அடித்தளத்தில், நோயாளிகளின் பதிவுகள் இருக்கும் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டாள். வீட்டிலும் ஒரே கூரை, வேலையிலும் ஒரே கூரை என்றால் சண்டை வர வேறு காரணம் வேண்டுமா?

ஆனால் காரணம் ஒன்று இருந்தது. "எதுக்கும்" என்ற ஒரு வார்த்தை. பூட்டிய கதவை இழுத்துப் பார்த்துவிட்டு நாலு படி இறங்குவாள், பிறகு "எதுக்கும் ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேன்" என்று திரும்ப ஏறுவாள். நான் அணைத்த அடுப்பை வந்து குனிந்து பார்ப்பாள். பயண டிக்கெட்டை மூன்று பிரதி எடுத்து மூன்று பையில் வைப்பாள். ஆஸ்பத்திரியில் அவளுக்கு "எதுக்கும் அக்கா" என்றே பெயர் விழுந்துவிட்டது. அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். "என்னைக் கட்டிக்கும்போது மட்டும்தான் இவ எதுக்கும்னு யோசிக்காம விட்டுட்டா" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். இன்னொரு தடவையும் அப்படி விட்டாள். அதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

அவள் வேலை என்ன என்று எனக்குப் புரியும்படி அவளே ஒருமுறை சொன்னாள். ஆஸ்பத்திரியின் பதிவுகள் எல்லாம் ஒரு சர்வரில் இருந்தன. அதை அவள் மூத்தது என்பாள். சாலைக்கு எதிர்ப்புறம் புதுக் கட்டடத்தில் இன்னொரு சர்வர் இருந்தது. அது இளையது. மூத்ததில் யார் எதை எழுதினாலும் அடுத்த நொடியே இளையது அதைப் பார்த்து அப்படியே எழுதிக்கொள்ளும். மூத்தது ஒருநாள் படுத்துவிட்டால் இளையது அந்த இடத்தில் நின்று வேலையைத் தொடரும். அவள் அறைச் சுவரில் ஒரு திரை உண்டு. இளையது ஒழுங்காக எழுதிக்கொண்டிருக்கும் வரை அதில் பச்சை. ஏதாவது தகராறு என்றால் இளையது எழுதுவதை நிறுத்திவிடும், சிவப்பு எரியும். இளையதுக்குச் சொந்த புத்தி இருக்கவே கூடாது என்று அவள் சொன்னாள். அப்படியானால் நம் வீட்டில் நான்தான் இளையதா என்று கேட்டேன். அன்றைக்குத்தான் என்னைப் பார்த்து முதன்முதலாகச் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் என் அடுப்பைப் பார்க்க வருவது எனக்கு அவ்வளவாக உறுத்தவில்லை.

என் கவுண்ட்டரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முன்பெல்லாம் மருந்து வாங்க வருகிறவரிடம், எந்த மருந்தாவது உங்களுக்கு ஆகாதா என்று வாய் திறந்து கேட்போம். கம்ப்யூட்டர் வந்த பிறகு நோயாளியின் எண்ணைத் தட்டினாலே "ஒவ்வாமை" என்ற வரி மேலே வந்துவிடும். ஆகாத மருந்து இருந்தால் அது சிவப்பில் தெரியும், இல்லாவிட்டால் "இல்லை" என்று கறுப்பில் தெரியும். வரிசை நீளமாக இருக்கிறது, கேட்டு நேரத்தைப் போக்காதீர்கள் என்று மேலே இருந்து உத்தரவு வந்தது. நானும் கேட்பதை நிறுத்தினேன். சொல்லப்போனால் சந்தோஷமாகவே நிறுத்தினேன்.

அக்கா திரும்பப் பார்க்காமல் விட்ட அந்த வாரத்துக்கு முந்தைய சனி, ஞாயிறு இரண்டு நாளும் புதிதாகச் சேர்ந்த நர்ஸுகளுக்குப் பயிற்சி நடந்தது. ஒவ்வாமைப் பக்கத்தை எப்படி நிரப்புவது என்பதுதான் பாடம். பயிற்சி கொடுத்தவர், மூத்ததைத் தொந்தரவு செய்ய வேண்டாம், இளையது சும்மாதானே இருக்கிறது என்று நினைத்து அதில் எழுதிப் பழகச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை வரை கொடுத்த நோயாளி எண்களைப் பார்த்து, இன்னும் யாருக்கும் கொடுக்காத அடுத்த எண்ணிலிருந்து ஆரம்பித்தார்கள். அந்த இரண்டு நாளும் பதிவு கவுண்ட்டர் மூடியிருந்தது. முப்பது பேர் சேர்ந்து நானூற்றுப் பன்னிரண்டு வரிகள் எழுதினார்கள். பழகுவதற்குத்தானே, யார் யோசித்து எழுதுவார்கள்? எல்லாவற்றிலும் "இல்லை" என்று போட்டார்கள். போனவர்கள் அழித்துவிட்டும் போகவில்லை.

திங்கட்கிழமை காலையில் பதிவு செய்த முதல் நோயாளிக்கு அந்த எண்களில் முதல் எண் கிடைத்தது. மூத்தது அவருடைய ஒவ்வாமையை எழுதிக்கொண்டது. இளையதோ, இந்த எண்ணில் ஏற்கெனவே ஒரு வரி இருக்கிறதே என்று நின்றுவிட்டது. சுவரில் சிவப்பு எரிந்தது. அன்று பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியின் தரத்தைச் சோதிக்க வெளியிலிருந்து ஒரு குழு வரவிருந்தது. அந்தச் சிவப்பை எப்படியாவது பச்சையாக்கச் சொல்லி மேலாளர் நாலு தடவை போன் செய்தார்.

சரியான வழி என்ன என்று அக்காவுக்குத் தெரியும். இளையதை முழுக்கத் துடைத்துவிட்டு மூத்ததிலிருந்து எல்லாவற்றையும் புதிதாகப் படி எடுக்க வேண்டும். அதற்கு ஒன்பது மணி நேரம் ஆகும். குறுக்கு வழி ஒன்றும் உண்டு. அந்தத் தொழிலில் அதை "ஸ்கிப்" என்பார்கள். தகராறு செய்கிற அந்த ஒரு வரியை விட்டுவிட்டு மேலே போ என்று இளையதிடம் சொல்வது. அக்கா ஸ்கிப் கொடுத்தாள். இரண்டு நிமிடத்தில் அடுத்த நோயாளி வந்தார், மறுபடி சிவப்பு. மறுபடி ஸ்கிப், மறுபடி சிவப்பு. பத்து நாற்பதுக்கு அவள் ஒரு காரியம் செய்தாள். இந்த மாதிரித் தகராறு வந்தால் நிற்க வேண்டாம், நீயே தாண்டிப் போய்க்கொண்டிரு என்று இளையதின் அமைப்பில் ஒரு வரி எழுதி வைத்தாள். சோதனைக் குழு வந்தபோது சுவரில் பச்சை எரிந்தது.

குழு போனதும் அந்த வரியை எடுத்துவிட்டு, எதனால் இப்படி ஆனது என்று தேடவேண்டும் என்று நினைத்துக்கொண்டாளாம். ஆனால் சோதனை மூன்று நாள் நீண்டது. தலைக்கு மேல் வேலை. வெள்ளிக்கிழமைதோறும் அவள் ஒரு கணக்கெடுப்பு செய்வாள். மூத்ததில் எத்தனை வரி, இளையதில் எத்தனை வரி என்று எண்ணுவாள். அந்த வெள்ளியும் எண்ணினாள். ஒன்றுகூடக் குறையவில்லை, ஒன்றுகூட மிகவில்லை. அப்பாடா என்று இருந்ததாம், காரணம் தேடுவதை அப்படியே விட்டுவிட்டாளாம். எண்ணிக்கை எப்படி ஒத்துப்போகாமல் இருக்கும்? அந்த வாரத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்த உண்மையான நோயாளிகள் அந்த நானூற்றுப் பன்னிரண்டு எண்களையும் வியாழக்கிழமைக்குள் நிரப்பிவிட்டார்கள். மூத்ததில் அவர்களுடைய உண்மையான வரி இருந்தது. இளையதில் அதே எண்ணில் பழகியவர்கள் போட்ட "இல்லை" இருந்தது. எண்ணினால் இரண்டும் ஒன்றுதான்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கியது யாருக்கும் தெரியாமல் பதினான்கு மாதம் ஓடியது.

அதன் பிறகு ஒரு புதன்கிழமை மதியம் மூத்தது எரிந்துபோனது. ஏ.சி.யிலிருந்து சொட்டிய தண்ணீர் உள்ளே போயிருந்தது. அக்கா பதினோரு நிமிடத்தில் ஆஸ்பத்திரி முழுவதையும் இளையதுக்கு மாற்றினாள். வார்டில் யாருக்கும் தெரியக்கூட இல்லை. மேலாளர் எல்லார் முன்னாலும் கை தட்டி ஒரு பூச்செண்டு கொடுத்தார். அவள் அதை என் வீட்டு ஃபிரிட்ஜின் மேல் வைத்துவிட்டுப் போனாள். அவளுக்காக நான் பெருமைப்பட்டேன்.

மூன்றாம் நாள் தையல்காரி செத்துப்போனாள்.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளிக் கடை வைத்திருந்தவள். என் மகளின் பள்ளி உடையெல்லாம் அவள் தைத்ததுதான். காலில் ஆணி குத்திய புண் சீழ் வைத்து, காய்ச்சலில் பிதற்றிக்கொண்டு வந்து சேர்ந்தாள். குழாய் வேலை செய்யும் அவள் கணவர், அவளைப் படுக்கையில் விட்டுவிட்டு மாற்று உடை எடுக்க வீட்டுக்குப் போயிருந்தார். நர்ஸ் எண்ணைத் தட்டிப் பார்த்தாள். ஒவ்வாமை: இல்லை. வார்டிலிருந்து பென்சிலின் ஊசி கேட்டார்கள். நானும் எண்ணைத் தட்டிப் பார்த்தேன். இல்லை. எடுத்துக் கொடுத்தது என் கை. இருபது நிமிடத்தில் மூச்சு அடைத்துப் போய்விட்டது.

திரும்பி வந்த கணவர், அவளுக்கு அந்த மருந்து ஆகாது என்று முன்பே சொல்லியிருக்கிறேனே என்று கத்தினார். பதினான்கு மாதம் முன்பு முதுகு வலிக்காக வந்து பெயர் பதிந்தபோது சொன்னதாகச் சொன்னார். டாக்டர் கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார். அவர் அதைப் படித்துப் பார்த்தாராம். பிறகு அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்ப நான்தான் சொல்லாம விட்டுட்டேன் போல," என்றார்.

அதற்கு எட்டு நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, ஒரு லாரி டிரைவர் என் கவுண்ட்டருக்கு வந்தார். மாத்திரைப் பெயரைப் படித்துவிட்டு, இது எனக்கு ஆகாதும்மா, உடம்பெல்லாம் தடித்துவிடும், எழுதி வைத்திருப்பீர்களே என்று சிரித்தார். திரையில் "இல்லை" என்று இருந்தது. டிரைவரை உட்கார வைத்துவிட்டு அக்காவுக்கு போன் செய்தேன். அவள் மேலே வந்தாள், அவருடைய எண்ணைக் கையில் எழுதிக்கொண்டாள், எப்போது பெயர் பதிந்தீர்கள் என்று கேட்டாள். அவர் தேதியைச் சொன்னதும் அவள் முகம் மாறியது. உடனே அடித்தளத்துக்கு இறங்கிப் போனாள்.

மதியம் நான் அடித்தளத்துக்குப் போனேன். எரிந்துபோன மூத்ததிலிருந்து ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி மேசைமேல் வைத்து வேறொரு கம்ப்யூட்டரில் பொருத்தியிருந்தாள். டிஸ்க் பிழைத்திருந்தது. திரையில் இடப்பக்கம் மூத்ததின் வரிகள், வலப்பக்கம் இளையதின் வரிகள். வலப்பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரே "இல்லை". இடப்பக்கத்தில் இருபத்தொன்பது இடத்தில் மருந்தின் பெயர் இருந்தது.

"தலையை எண்ணினேன், முகத்தைப் பார்க்கலை," என்றாள்.

அந்த இருபத்தொன்பதில் ஒன்றில் அவள் விரல் நின்றிருந்தது. தையல்காரியின் பெயர்.

மேலாளரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். விஷயத்தைக் கேட்டதும் அவர்தான் முதலில் போனை எடுத்தார். நாங்கள் ஆறு பேர் உட்கார்ந்து சாயங்காலத்துக்குள் உயிரோடிருந்த இருபத்தெட்டு பேரையும் பிடித்துவிட்டோம். யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்கவில்லை. பிறகு அவர் கதவைச் சாத்திவிட்டு அக்காவிடம், உண்மையான வரிகளை இளையதில் ஏற்றிவிடுங்கள், அந்த ஒன்றை மட்டும் தொடாதீர்கள் என்றார். டிஸ்க்கையும் விதிப்படி அழித்துவிட வேண்டும் என்றார். போனவள் திரும்பி வரப்போவதில்லை, விஷயம் வெளியே போனால் நாளைக்கு இந்த ஆஸ்பத்திரியை நம்பி யார் வருவார்கள் என்று கேட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் ஒற்றை வரியில் ஒரு மனுஷியை மறைக்கப் பார்த்தார்.

"நானூத்திப் பதினொண்ணு சரியா இருந்தா அது சரியில்ல சார்," என்றாள் அக்கா.

நான் யோக்கியம் என்று நினைக்க வேண்டாம். வீட்டுக்கு வரும் வழியில், பேசாமல் இருந்துவிடுங்கள் அக்கா என்று நானே கெஞ்சினேன். உங்கள் வேலை போகும், மருந்தைக் கொடுத்தது நான், என் வேலையும் போகும் என்றேன். யாருக்குமே தெரியாத ஒன்றை எதற்காக நாமே இழுத்துத் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று கோபமாகவே கேட்டேன். அவள் நடப்பதை நிறுத்தினாள்.

"அந்த மனுஷன் தான் சொல்லலைன்னு நினைச்சுட்டு இருக்கார்," என்றாள். "செத்தவங்களுக்கு நாம ஒண்ணும் செய்ய முடியாது. இவர் இன்னும் இருக்கார் இல்ல?"

அன்று இரவே திரும்பப் போய் நானூற்றுப் பன்னிரண்டு வரிகளையும் ஏற்றினாள். இரண்டு பக்க அறிக்கை எழுதி ஆஸ்பத்திரித் தலைவருக்கு அனுப்பினாள். பயிற்சி கொடுத்தவரையும், பச்சையாக்கச் சொன்ன மேலாளரின் போனையும் அதில் ஒரே ஒரு வரியில் முடித்துவிட்டு, பத்து நாற்பதுக்குத் தான் செய்ததைத்தான் விரிவாக எழுதியிருந்தாள். திங்கட்கிழமை அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். விசாரணை ஐந்து மாதம் நடந்து வேலை போனது. எனக்கு எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்தது. இப்போது அவள் ஒரு நூலகத்தில் புத்தகப் பட்டியலைப் பார்த்துக்கொள்கிறாள். எங்கள் கவுண்ட்டரில் ஒவ்வொருவரிடமும் வாய் திறந்து கேட்க வேண்டும் என்று மறுபடி உத்தரவு போட்டிருக்கிறார்கள். வரிசை நீளமாகத்தான் இருக்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது, இடையில் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. அறிக்கையை அனுப்பிய மறுநாள் காலை இருவரும் தையல்காரியின் வீட்டுக்குப் போனோம். முன்னால் கடை, பின்னால் ஒரே அறை. தையல் மிஷினில் ஊசிக்கடியில் யாருடையதோ ஒரு சட்டையின் கை பாதி தைத்தபடி இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. எங்களுக்கு நாற்காலி போட்டுவிட்டு அவர் கருவிப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். நாங்கள் யார் என்றுகூடக் கேட்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டார்.

அவரே பேச ஆரம்பித்தார். பெயர் பதிந்த அன்று என்ன நடந்தது என்று தினமும் யோசித்துப் பார்க்கிறாராம். வரிசையில் நின்றது நினைவிருக்கிறதாம். ஒரு வீட்டில் குழாய் உடைந்துவிட்டது என்று போன் வந்தது நினைவிருக்கிறதாம். அந்த அவசரத்தில் சொல்ல மறந்திருப்பேன் என்றார். சொன்ன மாதிரி இருந்ததெல்லாம் மனசு தனக்குச் சாதகமாக ஜோடித்துக்கொண்டதாக இருக்கும் என்றார். பிணத்தை எடுத்த அன்று அவளுடைய அண்ணன் இவர் முகத்தைப் பார்க்கவில்லையாம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்வதற்கு உனக்கு என்ன கேடு என்று கேட்டாராம். அவர் கேட்டதில் என்ன தப்பு என்று இவர் எங்களைக் கேட்டார்.

அக்கா கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். மூத்ததின் டிஸ்க்கிலிருந்து அச்சடித்து வந்தது. வரும் வழியெல்லாம் என்னென்னவோ சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தவள், அதில் ஒன்றையும் சொல்லவில்லை. நேராகப் படித்தாள்.

"செவ்வாய்க்கிழமை, காலை பத்து பதினேழு. பென்சிலின் ஆகாது. சின்ன வயதில் மூச்சு நின்றுபோய்ப் பிழைத்தவர். கட்டாயம் கொடுக்கக் கூடாது. தெரிவித்தவர்: கணவர்."

அவருக்கு முதலில் புரியவில்லை. இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அவள் படித்தாள். "தெரிவித்தவர்" என்ற இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"நான் சொன்னேனா?"

"சொன்னீங்க. அழுத்திச் சொல்லியிருக்கீங்க, அதனாலதான் கட்டாயம்னு எழுதியிருக்காங்க. நாங்கதான் தொலைச்சோம். தொலைச்சது நான்."

மருந்தை எடுத்துக் கொடுத்தது நான் என்று நானும் சொன்னேன். திட்டுவார், அடித்தாலும் அடிப்பார் என்று தயாராகத்தான் போயிருந்தோம். அவர் எங்களைப் பார்க்கவே இல்லை. காகிதத்தை வாங்கி அந்தக் கடைசிச் சொல்லின் மேல் கட்டை விரலை வைத்துக்கொண்டு எழுந்தார். இன்னொரு கையால் போனை எடுத்து மனைவியின் அண்ணனை அழைத்தார். இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தார்.

"மச்சான், வெச்சிடாதீங்க. ஒரு வரி படிக்கிறேன், அதை மட்டும் கேளுங்க," என்றார்.

காகிதத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். செவ்வாய்க்கிழமை என்பதைத் தாண்டி அவரால் படிக்க முடியவில்லை. போனையும் காகிதத்தையும் அக்காவிடம் நீட்டினார். அக்கா வாங்கி, முதலில் தான் யார் என்றும் என்ன செய்தவள் என்றும் சொன்னாள். பிறகு அந்த வரியைப் படித்தாள்.